வளைந்த ரிம்மும் ஒரு பொலிஸ் முறைப்பாடும்: ஹட்டன் சைக்கிள் கடை பற்றி

ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் சின்னப் பாதையில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கதவுக்கு மேலே ஆணியில் ஒரு பழைய ரிம் தொங்கும், அதுதான் அடையாளம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே மழையில்தான் நிற்க வேண்டும். நான் இதுவரை பஞ்சர் ஒட்டுவதற்கும் பிரேக் கட்டை மாற்றுவதற்கும்தான் அங்கே போயிருக்கிறேன், நல்ல வேலைக்காரர் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. போன மாதம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இந்தக் கடையைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது என்று தோன்றியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர். கொட்டகலையில் வீடு, பத்தனைப் பக்கம் பாடசாலை. 2022 இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் கோட் காட்டி வாங்கும் பெட்ரோல் பங்குக்கு நின்று அலுத்துப் போன நேரத்தில் வாங்கிய சைக்கிள்தான் இன்றும் ஓடுகிறது. நிலைமை சரியான பிறகும் நான் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பவில்லை. ஏ7 பாதையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் பழகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னே. மழை விட்டிருந்தது, ஆனால் பனி மூட்டம் தேயிலை மேட்டிலிருந்து பாதைக்கு இறங்கி நின்றது. முன்னாலும் பின்னாலும் லைட் போட்டு, இடது ஓரமாகத்தான் போனேன். ஒரு வளைவில் பின்னாலிருந்து ஹார்ன் கூட இல்லாமல் ஒரு ஸ்கூல் வேன் என்னை முந்தியது. எதிரே பஸ் வந்ததும் வேன் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தது. அதன் சைட் கண்ணாடி என் வலது ஹேண்டலைத் தட்டியது. அவ்வளவுதான், நானும் சைக்கிளும் பாதையோரக் கானுக்குள். தலை கானின் சீமெந்து விளிம்பில் மோதியது. ஹெல்மெட் இல்லையென்றால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வேன் நின்றது. அதை நான் மறைக்கக் கூடாது. சாரதி ஓடி வந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், முகம் வெளுத்துப் போயிருந்தது. கையில் போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது. "சேர், பனில தெரியல சேர், மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தூக்கினார். வேன் ஜன்னலில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "செலவு எவ்வளவுன்னாலும் நான் தாறேன் சேர், கேஸ் கீஸ் வேணாம்" என்றார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு மணியாகிறதே என்ற நினைப்பில், சரி, நீ போ, பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். ஒரு படம் கூட எடுக்கவில்லை. பாடசாலை விட்டதும் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி ஏற்பூசி போட்டார்கள். அங்கே எழுதித் தந்த துண்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன், அதுவும் தற்செயலாக.

அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் மனைவி "நம்ம பொடியன்தானே, பொழச்சிப் போகட்டும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பையன் லீசிங்கில் வேன் எடுத்திருக்கிறார், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார், மாதத் தவணை தவறினால் வேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்துச் சோற்றில் மண் விழுமோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வேறு மாதிரிச் சொன்னார்: "பொலிசுக்குப் போனா நீங்கதான் அலையணும், காசை வாங்கிட்டு விடுங்க." இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் கண்ணை மூடினால் எனக்கு என் முழங்கை ஞாபகம் வரவில்லை, அந்த வேன் ஜன்னல்தான் வந்தது. வளைவில், பனியில், போனைப் பார்த்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அடுத்த முறை வேன் கானில் போகாது, பள்ளத்தில் போகும்.

இந்தக் குழப்பத்தோடுதான் வியாழக்கிழமை பின்னேரம் சைக்கிளை ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் சைக்கிளைப் பார்த்ததும் விலை சொல்லவில்லை. "எப்படி விழுந்தீங்க சேர்?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல முன்சில்லைச் சுற்றி விட்டார். ரிம் ஒரு இடத்தில் இடது பிரேக் கட்டையில் உரசி, அடுத்த சுற்றில் வலப்பக்கம் விலகி, பாம்பு மாதிரி நெளிந்தது. அப்புறம் ஒரு நூல் உருண்டையை எடுத்தார். பின்சில்லு பூட்டும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, நூலை இழுத்து முன்னால் ஹேண்டல் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் கொண்டு வந்து அதே மாதிரிக் கட்டினார். சீட்டுக்குக் கீழே உள்ள குழாய்க்கும் நூலுக்கும் நடுவே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அடிமட்டத்தால் அளந்தார். இரண்டும் ஒன்று. "பிரேம் நேராத்தான் இருக்கு சேர், பயப்படாதீங்க. பிரேம் வளைஞ்சிருந்தா நான் கை வைக்க மாட்டேன்" என்றார். எனக்கு அந்த ஒரு நூலில் பாதி உயிர் திரும்பி வந்தது. இந்த இறக்கங்களில் வளைந்த பிரேமோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஹெல்மெட்டையும் கேட்டார். வெளியே ஒரு கீறல்தான், நான் கழுவித் துடைத்து மறுபடி போடலாம் என்று வைத்திருந்தேன். அதைத் திருப்பி, உள்ளே இருந்த துணிப் பட்டையைக் கழற்றி, கடை பல்பின் கீழே பிடித்துக் காட்டினார். வெள்ளை ரெஜிபோமில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு, காதுக்கு மேலிருந்து பின் பக்கம் வரை போயிருந்தது. "இது ஒரு அடிக்குத்தான் சேர். தன் வேலையைச் செஞ்சி முடிச்சிருச்சு. இனிப் போட்டா தொப்பிதான்." புதியது வாங்கச் சொன்னார், ஆனால் தன்னிடம் இருந்ததை என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கச் சொல்லி, தலையை ஆட்டச் சொல்லி, அது கொஞ்சம் நகர்ந்ததும் "இது உங்களுக்குப் பெருசு, நான் எடுத்து வைக்கிறேன், திங்கக்கிழமை வாங்க" என்று உள்ளே வைத்துவிட்டார். கையில் காசோடு நிற்கும் ஆளை இப்படித் திருப்பி அனுப்பும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் வலது பிரேக் பிடியைக் கழற்றினார். அதன் நுனி முறிந்திருந்தது. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் நகத்தின் அளவு வெள்ளைப் பெயின்ட் அப்பியிருந்தது. என் சைக்கிள் கறுப்பு. நான் எதையும் யோசிக்காமல் விரலால் சுரண்டப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். போனை வாங்கி, பிடியைப் பெஞ்சில் வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து நான்கைந்து படம் எடுத்தார். ரிம்மையும் ஹெல்மெட் வெடிப்பையும் எடுத்தார். பிடியைப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி என் பையில் போட்டார். "கேஸ் போடுறதும் விடுறதும் உங்க முடிவு சேர், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சாமானைத் தொலைச்சிட்டு பிறகு முடிவு எடுக்க முடியாது."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பிளேன்டீ ஒன்று வரவழைத்துக் கொடுத்துவிட்டு ரிம்மில் கம்பி இறுக்கத் தொடங்கினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கடதாசிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் என் மனதில் இது எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே உள்ள விஷயமாகத்தான் இருந்தது, மன்னிப்பதா மன்னிக்காமல் விடுவதா என்று. மன்னிப்பு என் கையில் இருக்கிறது, அதை அன்று காலையே கொடுத்துவிட்டேன். நடந்ததைப் பதிவு செய்வது வேறு. வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நடந்தது தெரிய வேண்டும், அதை மறைக்கும் உரிமை எனக்கு இல்லை.

பில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளில் மொத்தத் தொகையை ஒரு துண்டில் கிறுக்கித் தருவார்கள். இவர் திகதி போட்டு, கம்பி 6, பிரேக் பிடி சோடி 1, பிரேக் கட்டை 2, ரிம் நேராக்கும் கூலி என்று பிரித்து எழுதி, கீழே "முன்சில்லு பக்கவாட்டில் அடிபட்டு வளைந்துள்ளது, வலது பிடி முறிந்துள்ளது" என்று ஒரு வரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் 6,400 ரூபாய். தமிழில் எழுதி, நான் கேட்காமலே கீழே சிங்களத்திலும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மூன்று நாள் கழித்து வந்ததற்கு முதல் கேள்வியே "ஏன் அன்னைக்கே வரல்ல?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது, என்னிடம் நல்ல பதிலும் இல்லை. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசித்து ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்ள வராது. விளங்காததில் கையெழுத்துப் போட மாட்டேன், தமிழில் எழுதுங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, இது நாம் கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயமில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன், தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் வந்தார், பொறுமையாக எழுதினார். தோட்டத்து லயத்திலிருந்து போகிற நம் ஆட்கள் பலர் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பயந்தே எதற்கென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பிடியையும் பில்லையும் ஆஸ்பத்திரித் துண்டையும் மேசையில் வைத்ததும் பேச்சின் தொனியே மாறியது. அலுவலர் பெயின்டைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதித் தந்தார். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம், அதில் நட்டஈடு கேட்பதென்றாலும் பெரும்பாலும் முதலில் கேட்பது பொலிஸ் பதிவைத்தான். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்துக்குப் பிறகு சாரதி நிற்க வேண்டும், உதவ வேண்டும், தன் விவரம் தர வேண்டும். இந்தப் பையன் நின்றார், உதவினார். அதை என் வாக்குமூலத்தில் முதல் வரியாகவே எழுத வைத்தேன். கையில் போன் இருந்ததையும் எழுத வைத்தேன்.

சாரதியை அழைத்தார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. அழுதார், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அலுவலர் அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் பார்த்து, கடுமையாக எச்சரித்து, அதையும் புத்தகத்தில் பதிந்தார். சைக்கிள் செலவைப் பையன் இரண்டு தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தார். நான் அதிபரிடமும் சொன்னேன், அதிபர் வேன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். இப்போது வேனில் பின்சீட்டில் ஒரு பெற்றோர் மாறி மாறிப் போகிறார்கள், போன் முன்னால் உள்ள பெட்டிக்குள் போய்விடுகிறது. பையன் இன்னும் வேன் ஓட்டுகிறார், முதல் தவணையும் தந்துவிட்டார். என்னை வழியில் கண்டால் இன்னும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அது சரியாக நாளாகும்.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். உதிரிப்பாகம் எல்லாம் இருக்காது, கியர் சாமான் என்றால் கண்டியிலிருந்து வரவழைக்க ஒரு கிழமை ஆகும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ரிம் நேராக்க மட்டும் என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார், அவசரப்படுத்தினால் "அப்ப நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார். கார்ட் எடுக்க மாட்டார், காசுதான். ஆனால் அந்த ரிம் இன்றுவரை ஒரு மில்லிமீற்றர் கூட ஆடவில்லை, இந்த மழையிலும் புதுப் பிரேக் கட்டை நன்றாகப் பிடிக்கிறது. திங்கட்கிழமை சொன்னபடி சரியான அளவில் ஹெல்மெட் எடுத்து வைத்திருந்தார், 4,800 ரூபாய். பழைய ஹெல்மெட்டைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னார், இப்போது அது அவர் பெஞ்சுக்கு மேலே தொங்குகிறது, வெடிப்புத் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார். ஹெல்மெட் எதற்கு என்று கேட்கும் பொடியன்களுக்கு அதைத்தான் காட்டுகிறார்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குப் பிறகு போங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், கடை பூட்டு.