மோரிஸ் மைனர் டயருக்கு கருப்பு ஏத்துறது: அஞ்சு வருஷ அனுபவம்

வணக்கம். நான் மலேசியாவுல பேராக் பக்கம், சுங்கை சிப்புட் ஊரு. என்கிட்ட 1963 மோரிஸ் மைனர் காரு ஒன்னு இருக்கு, 1098 சிசி, தோட்டத்துல பெரிய கிராணியா, அதாவது தலைமை கிளார்க்கா, இருந்தவரோட காடி, அவரு மகன்கிட்ட வாங்கி அஞ்சு வருஷமாச்சு. பெயின்ட் பத்தியும் குரோம் பத்தியும் நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் டயர் மட்டும் எழுதுறேன். 14 இன்ச், ஒல்லியா உசரமா நிக்கிற டயரு, பக்கவாட்டுல நின்னு பாத்தா கண்ணுல மொதல்ல படுறதே அதுதான்.

மொத வருஷம் நான் பண்ணது எல்லாமே தப்பு. பெட்ரோல் ஸ்டேஷன்ல ஒரு ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன், எண்ணெய் மாதிரி இருக்கும், அடிச்ச உடனே தண்ணில நனைஞ்ச மாதிரி மின்னுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்படியே எடுத்துக்கிட்டு பெரிய ரோட்டுல கொஞ்சம் வேகமா போய்ட்டு வந்து பாத்தா மட்கார்டு மேல புள்ளி புள்ளியா கருப்பா தெறிச்சிருக்கு, அதுவும் க்ரீம் கலரு பெயின்ட்ல. ரெண்டு நாள்ல செம்பனை லோரி கெளப்புற செம்மண் தூசி பூரா டயர்ல ஒட்டி செங்கல் கலருக்கு வந்துருச்சு. ஒட்டுற சாமான் எதுவும் நம்ம பக்கத்து ரோட்டுக்கு ஆகாது, இத நான் அடிச்சு சொல்வேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், விஷயம் பூசுறதுல இல்ல, கழுவுறதுல இருக்கு. டயர் பழுப்பா மாறுறது வெறும் அழுக்கு இல்ல. ரப்பர் வெடிக்காம இருக்க கம்பெனியிலயே ஒரு மருந்தும் மெழுகும் கலந்துதான் டயர் செய்றாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசிஞ்சு, காத்து பட்டு பழுப்பாகும். அதுக்கு மேல பழைய ஸ்ப்ரே படிஞ்சிருக்கும், அதுக்கும் மேல நம்ம செம்மண்ணு. வெறும் கார் ஷாம்பு இத ஒன்னும் பண்ணாது. நான் ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து, கெட்டியான பிரஷ்ல தேய்ப்பேன், எழுத்து இருக்கிற எடத்துக்கு மட்டும் பழைய பல்லு பிரஷ். மொத தடவ நுரை காப்பி கலர்ல ஓடும். கழுவிட்டு திரும்ப தேய்க்கணும், நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் விடக்கூடாது, எனக்கு மொத தடவ ஒவ்வொரு டயருக்கும் நாலு வாட்டி ஆச்சு. தண்ணி ஊத்தி பாருங்க, முத்து முத்தா உருண்டா பழைய பூச்சு இன்னும் இருக்கு, பரவி ஓடுனா சுத்தம். வெயில்ல சூடான டயர்ல செய்யாதீங்க, தண்ணிக் கலவை உடனே காஞ்சு திட்டு திட்டா நிக்கும்.

நெழல்ல விட்டு நல்லா காஞ்சதும் 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட்ங்கிற பூச்சு போடுவேன், நாலு வருஷமா இதுதான். எண்ணெய் இல்லாம தண்ணில செஞ்ச வகை. ஸ்பான்ஜ்ல கொஞ்சமா தொட்டு மெல்லிசா தேச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு பழைய சிங்லெட் பனியனால மிச்சத்த தொடச்சிருவேன். தொட்டா கையில ஒட்டாது, தூசியும் அவ்வளவா பிடிக்காது, மின்னல் இல்லாம கருகருன்னு புது டயர் மாதிரி நிக்கும். 1963 காடிக்கு அதுதான் அழகு, கண்ணாடி மாதிரி மின்னுற டயர் அந்த காலத்துல ஏது? கொற ஒன்னு இருக்கு, மழ காலத்துல மூனு வாரத்துக்கு மேல தாங்காது, திரும்ப போடணும். ரோட்டுல படுற பக்கம் மட்டும் எதையும் பூசிராதீங்க, வழுக்கும், நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக் இருக்கிற காடி இது, நிக்கிறதுக்கே எடம் கேக்கும்.

டீசல், வேஸ்ட் எண்ணெய் தடவுறது நம்ம ஆளுங்ககிட்ட பழைய பழக்கம். தயவுசெஞ்சு வேணாம், எண்ணெய குடிச்சா ரப்பர் ஊதி மெதுவாயிரும். எங்கப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு (பால் சேர்ற கிண்ணத்த மங்குன்னு சொல்வாங்க), நான் டயர் தேய்க்கிறப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு "மங்குல நாங்க சொட்டு சொட்டா சேத்ததுடா அது, பாத்து தொடு"ன்னு சொல்வாரு. அவரு சொன்னதுக்கு அப்புறம் டயர வெறும் டயரா என்னால பாக்க முடியல.

இன்னொன்னு முக்கியம். கருப்பு ஏத்திட்டா சின்ன வெடிப்பு கண்ணுக்கு தெரியாது, அதனால கழுவி காஞ்சதும், பூசுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாத்துருங்க. டயர் பக்கத்துல DOT (டாட்)னு ஆரம்பிக்கிற எழுத்துக்கு கடைசில நாலு நம்பர் இருக்கும், என்னோடது 1419, அதாவது 2019ல 14வது வாரம் செஞ்சது. பூ, அதாவது ரோட்டுல படுற பக்கத்துல இருக்கிற வரிப்பள்ளம், இன்னும் நிறைய இருக்கு, ஆனா பூவ நம்பி ஓட்ட முடியாது, வெடிப்பு வந்தா மாத்திருவேன். நிறுத்தியே வெச்சிருக்கிற காடிக்குத்தான் வெடிப்பு சீக்கிரம் வரும், டயர் உருண்டு நசுங்குனாதான் உள்ள இருக்கிற மெழுகு மேல வரும். அதனால ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அப்பாவ ஏத்திக்கிட்டு குவாலா கங்சார் போய்ருவேன், 1877ல வந்த ரப்பர் கன்னுல மிச்சம் நிக்கிற பால்மரம் அங்க இருக்கு, அதுக்கு பக்கத்துல நிறுத்திட்டு ஒரு தே தாரிக் குடிச்சிட்டு மெதுவா திரும்புவோம்.