3 கிலோவாட்டுக்குக் காசு வாங்கி 2.7 மாட்டிவிட்டுப் போனார்கள்: கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்கவும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் மொட்டைமாடியில் சோலார் போட விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த டீலர் சொன்னது: "அண்ணே, 3 கிலோவாட் போட்டா நாளைக்கு 18 யூனிட் கேரண்டி. கமுதியில அவ்ளோ பெரிய சோலார் பிளான்ட் போட்டிருக்காங்கன்னா நம்ம மாவட்ட வெயிலைப் பாத்துக்கோங்க. கரண்ட் பில்லே வராது."

18 என்பது 3ஐ 6 மணி நேரத்தால் பெருக்கிய வெறும் காகிதக் கணக்கு. நம் பக்கம் ஒழுங்காகப் போட்ட 1 கிலோவாட், வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அப்படியென்றால் 3 கிலோவாட்டுக்கு 12. பங்குனி, சித்திரையில் கொஞ்சம் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிக்கும் கீழே இறங்கும்.

வெயிலின் சூடு அதிகம் என்றால் கரண்டும் அதிகம் என்பதும் தவறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் போட்டிருக்கும் வாட் அளவு 25 டிகிரி சூட்டில் சோதித்தது. உச்சிவெயிலில் நம் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரிக்கு சுமார் 0.35 சதவீதம் என்று வைத்தால் 12 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. இதை எந்த டீலரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

சரி, 12 வந்திருந்தால்கூட இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். எங்களுக்கு நல்ல வெயில் நாளிலேயே 9 யூனிட்டைத் தாண்டவில்லை. எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் மச்சான் மாடிக்குப் போய்ப் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தார். 540 வாட் பேனல் ஐந்து. மொத்தம் 2,700 வாட். டீலருக்குப் போன் போட்டுக் கேட்டால், "இன்வெர்ட்டர் 3 கிலோவாட் தானேண்ணே" என்கிறார். கரண்ட் எடுப்பது பேனல். இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற கரண்டாக மாற்றித்தான் கொடுக்கும். 3 கிலோவாட் என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு 2.7 மாட்டுவது பச்சை ஏமாற்று.

அத்தோடு தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலில் விழுகிறது. பேனல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். மாடியில் இடம் இல்லாமல் இல்லை. நான்கடி தள்ளிப் போட்டிருந்தால் போதும்; ஒயர் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் உப்புக்காற்று. மாட்டிய போல்ட்டெல்லாம் ஒரு கச்சான் (மேற்கிலிருந்து வீசும்) காற்றுக் காலம் முடிவதற்குள் செம்பழுப்பாகத் துருவேறிவிட்டது. கடலோரத்தில் போல்ட், நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஸ்டாண்ட் அலுமினியமாகவோ, வெல்டிங் முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாகவோ இருக்க வேண்டும். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். ஐஇசி 61701 என்று தாளில் இருக்கும். கண்ணாடியில் உப்பும் புழுதியும் சேர்ந்து பிசுபிசுவென்று படியும், அதையும் துடைக்க வேண்டும். 2016இல் வந்த அந்த 648 மெகாவாட் கமுதி நிலையத்திலேயே துடைப்பதற்கு ரோபோ வைத்திருக்கிறார்கள். உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். நல்ல தண்ணீர்தான் வேண்டும். குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் இதுவும் ஒரு செலவு.

கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும் என்றார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்த்த ஆன்கிரிட் இணைப்பில் லைன் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நம் கரண்ட் லைனில் பாய்ந்து கம்பத்தில் வேலை பார்க்கும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நியாயமானதும்கூட. ஆனால் பொய் சொல்லி விற்றது நியாயமில்லை.

விலைப்பட்டியலில் பேனல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட், வருடத்துக்குக் குறைந்தது எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். மாட்டிய அன்றே ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சூர்யகர் மானியத்தில் போட்டால் 5 வருடப் பராமரிப்பும் போட்டவர் பொறுப்பு. அதையும் தாளில் கேளுங்கள்.

எங்கள் டீலர் இப்போது போனை எடுப்பதில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, அந்தப் புகார் எண்ணை ரசீதோடு சேர்த்து வையுங்கள்.