கோயில் மனையில் குடியிருப்பு: அடிமனை வாடகைச் சேவை எப்படி இருக்கிறது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கோயிலுக்குச் சொந்தமான மனையொன்றில் என் தந்தையார் ஓட்டு வீடு கட்டிய நாள் முதல், மண் சாமிக்கு, சுவர் எங்களுக்கு என்ற கணக்கில்தான் எங்கள் குடும்பம் குடியிருந்து வருகிறது. பட்டா கோயில் பெயரில் இருக்கும்; கட்டடம் குடியிருப்பவருடையது; மாதந்தோறும் அடிமனை வாடகை செலுத்த வேண்டும். சொந்த மனை வாங்க வழியில்லாதவருக்கு நகரின் நடுவே இப்படியோர் இடம் கிடைப்பது பெரிய வாய்ப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாடகை செலுத்துவதில் குறையொன்றும் இல்லை. முன்பு அலுவலகத்தில் எழுத்தர் வரும்வரை திண்ணையில் காத்திருந்து, கையால் எழுதிய ரசீதை வாங்கி வருவோம். இப்போது இந்து சமய அறநிலையத்துறையின் இணையதளத்தில் பணம் கட்டினால் ரசீது உடனே கைக்கு வந்துவிடுகிறது. கோயில் நில ஆவணங்களையும் 2021 முதல் அதே தளத்தில் ஏற்றி வருவதால், நாம் குடியிருக்கும் புல எண் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதைத் தரகர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெயர் மாற்றம் வேறு கதை. தந்தையார் காலமான பின் வாரிசுச் சான்றுடன் கொடுத்த மனு, ஓர் அலுவலகத்தில் பதினொரு மாதங்கள் கிடந்தது. இடையில் அதே மனுவை இரண்டு முறை புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயில் சொத்தை விற்பதற்கு மட்டுமல்லாமல், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி தேவை. அறங்காவலர்கள் வேண்டியவர்களுக்கு நிலத்தைத் தாரை வார்த்துவிடாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாண்டு உரிமையை நம்பி எந்த வங்கியும் வீட்டுக் கடன் தருவதில்லை. ஓட்டை மாற்றி மாடி எடுக்க நாங்கள் கேட்டபோது, மனைப் பட்டா உங்கள் பெயரில் இல்லையே என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிட்டது.

அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி நன்செய்யும் புன்செய்யும்தான். அதில் வீடு கட்டச் சொல்வது தவறு. ஊருக்குள் முள் மண்டி வருமானமின்றிக் கிடக்கும் மனைகளை, விற்காமல், முப்பது ஆண்டுக் குத்தகையில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குத் தரலாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023இல் இயற்றப்பட்ட சட்டம், தேவாலயம் போன்ற சமய அமைப்புகள் தம் நிலத்தில் குறைந்த செலவுக் குடியிருப்பு கட்டுவதற்கான அனுமதியை எளிதாக்கியது. அங்கே முடிவெடுப்பது நிலத்தை வைத்திருக்கும் சமய அமைப்பே. இங்கே சாமியின் சொத்துக்கு அரசும் நீதிமன்றமும் காவல் இருப்பதால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆணையரின் அனுமதியோடு நீண்ட குத்தகை தர இப்போதைய சட்டமே இடம் தருகிறது என்பதைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

புதிதாக அடிமனை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-அ பிரிவின்படி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தை வாடகையை ஒட்டி வாடகை திருத்தப்படும். அது மிகுதி என்று தோன்றினால், ஆணை கிடைத்த முப்பது நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்காகவாவது ஆணை கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், பழைய ரசீதுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.