மோதலும் ஒத்துழைப்பும்: சமய விளக்கமா, அறிவியல் விளக்கமா?

மனிதர் ஏன் மோதுகின்றனர் என்ற கேள்விக்குச் சமயங்கள் மனத்துக்குள் விடை தேடுகின்றன. பௌத்தம் வேட்கையையும் கிறித்தவம் ஆதிப் பாவத்தையும் காட்டும். பகையின் உள் அனுபவத்தை இவை நுட்பமாகவே பேசுகின்றன. ஆனால் வேட்கை எல்லாரிடமும் எப்போதும் இருக்கிறது என்றால், இரு குழுக்கள் பல்லாண்டுகள் இணங்கி வாழ்ந்துவிட்டு ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் பகைப்பது ஏன் என்பதற்கு அதில் விடை இல்லை.

அறிவியல் சூழலைக் கேட்கிறது. உதவி பெறும் உறவினருக்குக் கிடைக்கும் பயனை உறவின் நெருக்கத்தால் பெருக்கி வரும் அளவு, உதவுபவரின் இழப்பை விஞ்சும்போது தன்னலமற்ற செயல் பரிணாமத்தில் நிலைக்கும் என்று 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்கிட்டுக் காட்டினார். உறவல்லாதாருக்கு உதவுவதை, பின்னர் கைம்மாறு கிடைக்கும் வாய்ப்பைக் கொண்டு 1971இல் உயிரியலாளர் டிரிவர்ஸ் விளக்கினார். மோதலுக்கு வந்தால், 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிஃப் நடத்திய ஆய்வு முக்கியமானது. ஒத்த பின்னணியுடைய 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் போட்டியிடச் செய்தபோது கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை வளர்ந்தது. தண்ணீர் வரத்து தடைப்பட்டது போன்ற, எல்லாரும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்கள் வந்தபோது அது தணிந்தது. ஆய்வாளர்களே பகையைத் தூண்டிவிட்டனர் என்ற விமரிசனத்தில் நியாயம் உண்டு. இருந்தும், இத்தகைய விளக்கத்தைச் சோதித்துப் பிழை காண முடிகிறது என்பதால் என் தராசு இந்தப் பக்கமே சாய்கிறது.

(அறிவியலின் பெயரால் எல்லாப் போருக்கும் சமயமே காரணம் என்போரும் அவசரப்படுகின்றனர். கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக் கிறித்தவருக்கும் இடையிலான போராக 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தொடங்கிய முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்க பிரான்சு, சீர்திருத்தப் பிரிவான லூத்தரன் சபையைச் சேர்ந்த சுவீடனின் பக்கம் நின்றது.)

ஆனால் ஒத்துழைப்பில் தராசு அவ்வளவு எளிதாகச் சாய்வதில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ், சமயம் சார்ந்தவை மற்றவற்றைவிட நீண்ட காலம் நிலைத்ததைக் கண்டார். கடும் விதிகளை ஏற்பவர் குழுவின் மீதுள்ள தம் பற்றுறுதியை நிரூபிக்கிறார், ஆகவே பிறர் அவரை நம்புகின்றனர் என்பது அறிவியல் தரும் காரணம். அப்படியானால் சமயம் சாராத குடியிருப்புகளிலும் விதிகள் கடுமையாக ஆக ஆயுள் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. ஆகவே, விதி புனிதமானது என்று உறுப்பினர் நம்புவதையும் ஒரு காரணியாக ஆய்வாளர்கள் தம் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.