அமிலம் அரிக்கும் வாயில் எந்த அடைப்பு, எந்த ஃபுளோரைடு?

சொத்தை விழாமலேயே பல் கரைவதுண்டு. பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமல் ஏறத்தாழ பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்குகிறது (பி.எச். அமிலத்தின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கடுமை). எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கின்றன. எதுக்களிப்பில் மேலேறி வரும் இரைப்பை அமிலம் அவற்றினும் கடுமையானதாக இருக்கக்கூடும். அடைத்த பற்கள் உள்ளவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: பல்லைக் காப்பதெல்லாம் அடைப்பையும் காக்கும் என்பதில்லை.

பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் அடைப்புகளில் கிளாஸ் அயனோமரும் (கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்த சிமெண்ட்) காம்போசிட்டும் (நுண்துகள்கள் கலந்த பிசின்) முதன்மையானவை. கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே வேதிமுறையில் பிணைகிறது, ஃபுளோரைடைச் சிறுகச் சிறுக வெளிவிடுகிறது, ஈரத்தை முழுவதும் ஒதுக்க முடியாத ஈறோரங்களில் மருத்துவருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அமிலம் தொடர்ந்து பட்டால் அதுவே கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஓரங்கள் தேய்ந்துவிடும். காம்போசிட் அமிலத்தைப் பெரிதும் தாங்குகிறது. எனினும் சுற்றியுள்ள பல் கரைந்துகொண்டே போக, அடைப்பு மட்டும் கடைவாய்ப் பல்லின் மேல் சிறு மேடாகத் துருத்தி நிற்கும். அந்த மேட்டை அடைப்பின் குறையாகக் கருதி ராவிச் சமன்செய்வதோடு நிறுத்திவிடக் கூடாது; அமிலம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எதுக்களிப்பு உள்ளவருக்கு, பல்லை உலர்வாக வைத்துக்கொள்ள முடிகிற இடத்தில், காம்போசிட்டையே நான் முன்வைப்பேன்.

பற்பசையைப் பொறுத்தவரை, சோடியம் ஃபுளோரைடு சொத்தைக்கு எதிராக நன்கு வேலை செய்கிறது. அமில அரிப்புக்கு எதிராகவோ, பல்லின் மேல் அமிலம் எளிதில் கரைக்காத வெள்ளீயப் படலத்தை விட்டுச்செல்லும் ஸ்டேனஸ் ஃபுளோரைடே மேல். சிலருக்கு அதனால் பழுப்புக் கறை படியலாம். அது சுத்தம் செய்தால் போய்விடும், கரைந்த எனாமலோ மீண்டும் வளராது. மருத்துவமனையில் பூசப்படும் அமிலத்தன்மையுள்ள பாஸ்பேட் ஃபுளோரைடு ஜெல்லில்தான் மிகுந்த கவனம் தேவை: அது கிளாஸ் அயனோமரையும் பீங்கான் உறைகளையும் அரிக்கக்கூடியது. அத்தகைய அடைப்போ உறையோ இருந்தால், நடுநிலை சோடியம் ஃபுளோரைடைக் கேட்டுப் பெறுவது நல்லது.

புளிப்பு ஏறியவுடன் பல் துலக்குவது, இளகிய எனாமலைப் பிரஷால் தேய்த்தெடுப்பதாகும். வெறும் நீரால் கொப்பளித்தாலே பலனுண்டு. ஒரு டம்ளர் நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்தால் அமிலம் விரைவில் முறியும். துலக்குவதை அரை மணி நேரமாவது தள்ளிப்போடலாம்.