சௌவின் இரவுக்கு எந்த மெழுகு, எந்த சோப்பு, எந்த எண்ணெய்?

Samhain என்ற பழைய ஐரிஷ் பண்டிகையின் பெயரை எழுத்துக்கூட்டி 'சம்ஹெய்ன்' என்று வாசிப்பவர்கள்தான் அதிகம். ஐரிஷ்காரர்கள் வாயில் அது ஏறக்குறைய 'சௌவின்'. நம் காதில் 'சாவின்' என்று விழுந்தாலும் பெரிய தப்பில்லை. அக்டோபர் 31 சூரியன் மறைந்ததும் தொடங்கும் அந்த இரவில் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் பிறக்கிறது; இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது அயர்லாந்தின் பழைய நம்பிக்கை. மீத் கவுண்டியில் ஆத்பாய் பக்கத்திலிருக்கும் வார்டு குன்றில் அன்று பெருந்தீ மூட்டினார்கள் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. இன்று வீட்டுக்குள் சௌவின் கொண்டாடும் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டைப் பின்பற்றும்) வழியினருக்கு அந்தத் தீயின் இடத்தில் மெழுகுவத்தி. சடங்குக்கு முன் குளிக்க ஒரு சோப்பு, மெழுகுவத்தியில் தடவ ஒரு எண்ணெய். மூன்றையும் கையாலேயே செய்வதில் அவர்களில் பலருக்குப் பிடிவாதம் உண்டு.

என்னைக் கேட்டால், செலவையும் கவனத்தையும் மெழுகுவத்தியில் போடுங்கள். மற்ற இரண்டும் பக்கவாத்தியம்.

தேன்மெழுகா, சோயா மெழுகா என்பதுதான் முதல் சண்டை. தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வரை வேண்டும். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் சோயா 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். அதனால் சோயா தன் காலில் நிற்காது, குவளை இல்லாமல் கதையில்லை. தேன்மெழுகுக் குச்சி நிமிர்ந்து நிற்கும், மெதுவாக எரியும். இன்னொன்று, இறந்தவர் பெயரை மெழுகுவத்தியில் கீறும் வழக்கம் சிலரிடம் உண்டு. தையல் ஊசியை வைத்துத் தேன்மெழுகில் எழுதினால் எழுத்து மழுங்காமல் நிற்கும், விரலால் தடவிப் படிக்கலாம். குவளைக்குள் இருக்கும் சோயாவில் எங்கே எழுதுவது? தேன்கூட்டு அச்சுள்ள மெழுகுத் தாள் வாங்கினால் அடுப்பே வேண்டாம். திரியை ஓரத்தில் வைத்துப் பாய் மாதிரிச் சுருட்ட வேண்டியதுதான். குளிர்ந்த தாள் மட்டும் சுருட்டும்போதே விரியும், கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான இடத்தில் கிடக்கட்டும்.

சோயா ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது: ஜன்னல். வருகிறவர்களுக்கு வழிகாட்ட அங்கே ஒரு விளக்கு வைப்பார்கள். பக்கத்தில் திரைச்சீலை, இடுக்கில் காற்று. அங்கே குவளைக்குள் அடங்கிய சுடர்தான் புத்திசாலித்தனம். ஆனால் வாசனை போட்ட சோயாவை முன்கூட்டியே ஊற்றி வைக்க வேண்டும். நான் ஒருமுறை மூன்று நாள் முன்பு ஊற்றினேன். மேற்பரப்பு குழிகுழியாக இறுகியது, கொளுத்தினால் வாசனையே காணோம். ஒன்றிரண்டு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு, மலிவு, கருப்புச் சாயம் நன்றாக ஏறும். இந்த இரவுக்குக் கருப்பு கேட்பவர்கள் நிறைய. தேன்மெழுகில் அதே சாயத்தைப் போட்டால் பழுப்பாக இழுக்கும். பரஃபின் புகை விஷம், தேன்மெழுகு காற்றைச் சுத்தம் செய்யும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி வையுங்கள், எந்த மெழுகிலும் கரி குறையும்.

பழமைதான் முக்கியம் என்பவர்களுக்கு இவை மூன்றுமே சரிப்படாது. மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கி, குளிர்காலத்துக்குத் தீனி போட முடியாதவற்றை வெட்டும் பருவம் அது. கொழுப்பு கையில் இருக்கும். கோரை போன்ற ஒரு புல்லின் தோலை உரித்து, ஒரு கீற்றை மட்டும் விட்டு, உள்ளே இருக்கும் நெட்டியைக் கொழுப்பில் தோய்த்தால் ஏழை வீட்டு விளக்கு தயார். இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1775இல் இதைக் கணக்கெடுத்தே எழுதிவைத்தார்: இரண்டடி நாலரை அங்குல நீளம், 57 நிமிட வெளிச்சம். 1709 முதல் 1831 வரை மெழுகுவத்திக்கு வரி போட்ட நாடு அது. இந்தப் புல் விளக்கின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். வாசனை? ஆட்டுக்கறி வறுத்த மறுநாள் சட்டி.

சோப்புக்கு வருவோம். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து முதலிலிருந்து செய்தால் நாலு முதல் ஆறு வாரம் காய வேண்டும், ஆக செப்டம்பர் நடுவிலேயே வேலை தொடங்க வேண்டும். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், ஒருநாளும் தண்ணீரைச் சோடா மேல் ஊற்றாதீர்கள். கடையில் கிடைக்கும் சோப் பேஸை உருக்கி அச்சில் ஊற்றினால் ஒரே சாயங்காலம். ஒரு குளியலுக்குப் பேஸே போதும். சௌவின் என்றால் ஆப்பிள்தானே என்று பச்சை ஆப்பிள் துண்டை அதில் புதைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

எண்ணெயில் என் ஓட்டு, காய்ந்த ரோஸ்மேரியை ஆலிவ் எண்ணெயில் நாலு வாரம் ஊறவைத்ததற்கு. ஈர இலை கூடாது. அவசரமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கலாம். எசென்ஷியல் ஆயிலுக்கு வாசனை தூக்கல், ஆபத்தும் தூக்கல். தோலில் படுமென்றால் 30 மில்லி எண்ணெய்க்கு 12 சொட்டைத் தாண்டாதீர்கள். பட்டையும் கிராம்பும் அந்த அளவிலேயே தோலை எரிக்கும், பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மக்வர்ட் என்ற மூலிகையைத் தேடி அலைகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது நம் மரிக்கொழுந்தின் பங்காளி. கர்ப்பிணிகள் விலகியிருக்கட்டும். எதுவானாலும் மெழுகுவத்தியின் உடம்பில் லேசாகத் தடவினால் போதும். எண்ணெய் பூசி மூலிகைத் தூளில் புரட்டியெடுப்பது படத்துக்கு அழகு, கொளுத்தினால் பக்கவாட்டில் எல்லாம் தீப்பிடிக்கும்.

இறந்தவர்களை நினைத்துப் பேசாமல் சாப்பிடும் ஊமை விருந்து மேசையில் வாசனையில்லாத தேன்மெழுகையே வைப்பேன், சோற்று மணத்தோடு லாவெண்டர் எதற்கு? டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்யும் விளக்குக்குள் மட்டும் மலிவான பரஃபின் வில்லை போதும். மூடி கருகிக் கிழங்கு வேகும் வாடை வரத் தொடங்கியதும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெயும் அங்கே எடுபடாது.