கோச்சிங் இல்லாம எஸ்ஏடி: கான் அகாடமி, ப்ளூபுக் ரெண்டையும் ரெண்டு வருஷம் பக்கத்துல இருந்து பார்த்து எழுதறேன்

பர்த்டே பார்ட்டிக்குப் போனாலும் சரி, தமிழ்ப் பள்ளி வாசல்ல நின்னாலும் சரி, பிள்ளை லெவன்த் போற வீட்லேந்து ஒரே கேள்விதான் வருது, அமெரிக்காவுல காலேஜ்ல சேர எழுதற எஸ்ஏடி பரீட்சைக்கு எந்த கோச்சிங் சென்டர்ல சேத்தீங்கன்னு. எங்கயும் சேக்கலன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. என் பொண்ணு கான் அகாடமி, ப்ளூபுக் ரெண்ட மட்டும் வச்சுத்தான் படிச்சா. அது போக, இங்க மிச்சிகன்ல எங்க ஊர் பப்ளிக் லைப்ரரில ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலைல அரசு ஹைஸ்கூல் பிள்ளைங்க கூட உக்காந்து இதையேதான் பண்றேன், அதனால என் வீட்டுக் கதையா மட்டும் இல்லாம கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. சல்மான் கான்ங்கறவரு 2004-ல தன் சொந்தக்காரப் பொண்ணுக்கு தூரத்துல இருந்தே கணக்கு சொல்லிக்குடுக்கப் போய் ஆரம்பிச்சதுதான் கான் அகாடமி, 2008-ல லாபநோக்கு இல்லாத நிறுவனமா ஆச்சு. எஸ்ஏடி நடத்தற காலேஜ் போர்டு கூட சேந்து 2015-லேந்து எஸ்ஏடி பயிற்சிய ஃப்ரீயா குடுக்கறாங்க. ப்ளூபுக் காலேஜ் போர்டோட சொந்த ஆப். 2024 மார்ச்லேந்து அமெரிக்காவுல எஸ்ஏடி பேப்பர்ல இல்ல, இந்த ஆப்லதான் எழுதணும், முழு நீள மாதிரித் தேர்வும் இதுலயே ஃப்ரீயா இருக்கு. மொத்தம் 2 மணி 14 நிமிஷம், ரீடிங் ரைட்டிங்ல 54 கேள்வி, மேத்ல 44, மார்க் 1600-க்கு.

இதுல பெத்தவங்க நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. ரெண்டு செக்‌ஷனும் ரெண்டு ரெண்டு மாட்யூலா பிரிச்சிருக்கும், மொத மாட்யூல்ல பிள்ளை எப்படிப் பண்ணுதோ அதப் பாத்துத்தான் ரெண்டாவது கஷ்டமா வருமா ஈஸியா வருமான்னு ஆப் முடிவு பண்ணும். ஈஸியானது வந்துட்டா அதுல எல்லாமே சரியாப் போட்டாலும் உச்ச மார்க் கிடைக்காது. அதனால மொத மாட்யூல்ல அவசரத்துல விடற சின்னத் தப்பு இருக்கு பாருங்க, அதுதான் பிள்ளைங்கள ரொம்பக் கவுக்குது. ரெண்டாவது மாட்யூல் திடீர்னு லேசா இருக்கேன்னு சந்தோஷப்படற பிள்ளைய பாக்கறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

கான் அகாடமி பத்தி என் கருத்து, அடித்தளம் போடறதுக்கு இத விட நல்லது எதுவும் நான் பாக்கல, காசு குடுத்து வாங்கற புக்கையும் சேத்துத்தான் சொல்றேன். ஒவ்வொரு டாபிக்கும் ஃபவுண்டேஷன்ஸ், மீடியம், அட்வான்ஸ்டுன்னு மூணு படியா வச்சிருக்காங்க, பதில் தப்பாப் போனா ஏன் தப்புன்னு அங்கயே பொறுமையா விளக்கம் இருக்கு. செமிகோலன் எங்க வரும், கமா எங்க வரும்னு ஸ்கூல்ல யாரும் உக்கார வச்சு சொல்லாத விஷயத்தக் கூட பத்து பதினைஞ்சு கேள்வில புரிய வச்சிடறாங்க. ஆனா கடைசி நூறு மார்க்குக்கு அது மட்டும் போதாது. அதுக்கு ப்ளூபுக் டெஸ்ட்ட நேரம் வச்சு எழுதணும், தப்பானத நோட்ல எழுதி திரும்பப் போட்டுப் பாக்கணும். வெளில ஒரு சென்டர்ல ரெண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கம்மியா கேட்டாங்க, என் வீட்டுக்காரர் கட்டிடலாம்னு கூட சொன்னாரு, ட்ரையல் க்ளாஸ்ல உக்காந்து பாத்தா அவங்களும் இதே ப்ளூபுக் டெஸ்ட்டத்தான் குடுத்தாங்க.

லைப்ரரிக்கு வர்ற ஒரு பையன், அவங்க அம்மா ரெண்டு இடத்துல வேலை பாக்கறாங்க, தங்கச்சிய ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டு வர்றது அவன்தான். கணக்குல கெட்டிக்காரன், ஆனா ஒரு வளைகோடும் நேர்கோடும் ஒரே ஒரு இடத்துல தொட்டுக்கணும்னா மாறிலி என்னன்னு கேட்ட கேள்வில மாட்டிக்கிட்டு நாலு நிமிஷமா பேப்பர்ல அடிச்சு அடிச்சு எழுதிட்டிருந்தான். ப்ளூபுக்குக்குள்ளயே டெஸ்மோஸ் கிராஃப் கால்குலேட்டர் இருக்கு, அத இதுவரைக்கும் தொறந்து பாத்தியாப்பான்னு கேட்டா இல்லைன்னான். ரெண்டு சமன்பாட்டையும் அப்படியே டைப் பண்ணச் சொல்லி, மாறிலிக்கு ஸ்லைடர் வச்சு மெதுவா இழுக்கச் சொன்னேன். கோடு கீழேந்து ஏறி வந்து மைனஸ் 2-ல வளைகோட்ட லேசா ஒட்டிக்கிச்சு. பையன் இழுத்த விரல எடுக்கவே இல்ல, திரும்ப கீழ இறக்கி திரும்ப ஏத்திப் பாத்தான், அப்புறம்தான் என்னைப் பாத்து மத்த கேள்வியும் இப்படிப் போடலாமான்னு கேட்டான். அந்த ஆப் அவன் ஸ்கூல் க்ரோம்புக்ல ஆறு மாசமா இருந்திருக்கு.

நான் சொல்ல வர்றதே இதுதான். பொருள் ஃப்ரீ, தரமும் நல்ல தரம், ஆனா கைல குடுத்து தொறந்து காட்ட ஒரு ஆள் இல்லாத பிள்ளைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். வசதியான வீட்ல அந்த ஆள் அப்பாவோ அம்மாவோ ட்யூட்டரோ இருக்காங்க. அரசு ஸ்கூல்ல அந்த வேலை, படிப்பு காலேஜ் விஷயத்துல பிள்ளைங்களுக்கு வழிகாட்டற கவுன்சலர் தலைல விழுது. ஸ்கூல் கவுன்சலர்கள் சங்கம் ஒரு கவுன்சலருக்கு 250 பிள்ளைங்கன்னு சிபாரிசு பண்ணுது, இந்தப் பையன் படிக்கற ஸ்கூல்ல ஒருத்தருக்கு நானூறுக்கு மேல. அவர நான் குத்தம் சொல்லல, டைம்டேபிள் மாத்தறதுலயே அவருக்கு நாள் போயிடுது. ஆனா ஃபீஸ் வெய்வர்னு, அதாவது பரீட்சை ஃபீஸ தள்ளுபடி பண்ற ஏற்பாடு ஒண்ணு இருக்குன்னு அந்தப் பையனுக்கு யாருமே சொல்லலங்கறது எனக்கு இன்னும் ஆறல.

வெய்வர் பத்தி சொல்லிடறேன், ஏன்னா இதுதான் நிறைய பேர் கோட்டை விடறது. எஸ்ஏடிக்கு ஃபீஸ் 68 டாலர். குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு லெவன்த் ட்வெல்த்ல ரெண்டு தடவை ஃப்ரீயா எழுதலாம், ஸ்கோர எத்தனை காலேஜுக்கு வேணா ஃப்ரீயா அனுப்பலாம், நிறைய காலேஜ்ல அப்ளிகேஷன் ஃபீஸும் கிடையாது. அப்ளிகேஷன் ஃபீஸே ஒரு காலேஜுக்கு ஐம்பது எழுபதுன்னு வாங்கற ஊர்ல இது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கூல் லன்ச் திட்டத்துல ஃப்ரீயாவோ கம்மி விலைலயோ சாப்பிட தகுதி இருந்தா இதுக்கும் தகுதி உண்டு. மிச்சிகன்ல 2023-24-லேந்து எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கூல்ல சாப்பாடு ஃப்ரீ ஆக்கிட்டாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா தட்டு எல்லாருக்கும் ஒண்ணா வர்றதால, வருமானக் கணக்குப்படி தனக்கு தகுதி இருக்குன்னே சில பிள்ளைங்களுக்குத் தெரியல. நான் பாத்த வரைக்கும் நாலஞ்சு பேரு அப்படித்தான் இருந்தாங்க.

பரீட்சைய எல்லாருக்கும் எட்ட வைக்கறது எவ்வளவு முக்கியம்னு காட்ட இந்த மாநிலமே உதாரணம். 2007-லேந்து மிச்சிகன்ல லெவன்த் பிள்ளைங்க எல்லாரும் ஸ்கூல் நாள்லயே ஃப்ரீயா ஏசிடி எழுதினாங்க (எஸ்ஏடி மாதிரியே இன்னொரு காலேஜ் பரீட்சை), 2016-ல அது எஸ்ஏடியா மாறுச்சு. அத ஆராய்ச்சி பண்ணினப்ப என்ன தெரிய வந்துச்சுன்னா, தானா பரீட்சை எழுதி காலேஜுக்கு தயார்னு மார்க் வாங்கற ஏழைப் பிள்ளைங்க பத்து பேர் இருந்தா, எழுதினா அதே மார்க் வாங்கக்கூடிய ஆனா எழுதவே போகாத பிள்ளைங்க இன்னும் அஞ்சு பேர் இருக்காங்களாம். அந்த அஞ்சு பேரத்தான் நான் சனிக்கிழமை பாக்கறேன்.

சரி, வாங்கறதுக்கு முன்னாடி, அதாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது சிலது. கான் அகாடமி ஃபோன்லயே ஓடும், பஸ்ல போறப்ப கூட பண்ணலாம். ப்ளூபுக் ஃபோன்ல வராது, லேப்டாப், ஐபேட், இல்லைன்னா ஸ்கூல் குடுத்த க்ரோம்புக் வேணும். சொந்தமா கடைல வாங்கின க்ரோம்புக்ல எழுத முடியாது, இது தெரியாம புதுசா வாங்கிடாதீங்க. மிஷின் இல்லைன்னா காலேஜ் போர்டே பரீட்சைக்கு இரவல் குடுக்கறாங்க, ஆனா ரிஜிஸ்டர் பண்ணிட்டு, பரீட்சை நாளுக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடியே கேக்கணும். பரீட்சை நடுவுல நெட் போயிட்டா பயப்பட வேணாம், ஆப் பாட்டுக்கு ஓடும், ஆரம்பிக்கறதுக்கும் கடைசில பதில் அனுப்பறதுக்கும்தான் நெட் வேணும்.

கான்மிகோன்னு ஏஐ ட்யூட்டர் மாசம் 4 டாலருக்கு இருக்கு, இல்லாமலே ஓட்டலாம்னு நினைக்கறேன். கூடப் பேசி படிக்கணும்னா ஸ்கூல்ஹவுஸ்னு சல்மான் கானே ஆரம்பிச்ச இன்னொண்ணு இருக்கு, அதுல ஆன்லைன்ல சின்ன க்ரூப்பா உக்கார வச்சு எஸ்ஏடி வகுப்பு எடுக்கறாங்க, அதுவும் ஃப்ரீ. பக்கத்துல ஆள் இல்லாத பிள்ளைக்கு நான் மொதல்ல சொல்றது அதத்தான்.

எஸ்ஏடியே வேணுமான்னு கேப்பீங்க. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் பாக்கறதே இல்ல, ஆனா எம்ஐடி 2022-ல, டார்ட்மத் 2024-ல திரும்ப கட்டாயம்னு அறிவிச்சிட்டாங்க, அதனால எழுதி வச்சுக்கறது நல்லது. அதை விட முக்கியம் ஃபாஃப்சா, அதாவது காலேஜ் செலவுக்கு அரசு உதவி கேட்டு போடற விண்ணப்பம். மிச்சிகன் அச்சீவ்மென்ட் ஸ்காலர்ஷிப்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வருஷம் 5,500 டாலர் வரைக்கும் கிடைக்குது, ஃபாஃப்சா போடலைன்னா அது கிடையாது.

உங்க பிள்ளை லெவன்த்னா இன்னிக்கு ராத்திரியே ப்ளூபுக்க டவுன்லோட் பண்ணி சனிக்கிழமை காலைல ஒரு முழு டெஸ்ட் எழுத வைங்க, ஃபோன வேற ரூம்ல வச்சிட்டு. எங்க தப்பு வருதோ அந்த டாபிக்க மட்டும் கான்ல எடுத்து தினம் அரை மணி நேரம். வெய்வருக்கு கவுன்சலருக்கு ரெண்டு வரில ஈமெயில் போடுங்க, பதில் வரலைன்னா நேராப் போய் கேளுங்க, ஃப்ரீயா ரிஜிஸ்டர் பண்ண வேண்டிய வெய்வர் கோட் அவங்க கைலதான் இருக்கு.